தொண்டைமானாற்றில் கமராவோடு இரண்டு நாள்: எங்கே நிற்பது, எப்போது நிற்பது

கேள்வி சுருக்கமாக இது: "தை மாதம் யாழ்ப்பாணம் வருகிறேன். கோட்டை, நூலகம், நல்லூர்க் கோபுரம் எல்லாம் எத்தனையோ பேர் எடுத்துவிட்டார்கள். தண்ணீர்க் கரையில் இருக்கிற ஒரு பழைய ஊரில் இரண்டு நாள் நின்று படம் எடுக்க ஆசை. எங்கே போகலாம்?"

தொண்டைமானாற்றுக்குப் போங்கள். யாழ்ப்பாண நகரத்திலிருந்து அச்சுவேலி வழியாகச் சுமார் 25 கிலோமீற்றர். கடல், கடல்நீரேரி, பெயர்பெற்ற ஒரு முருகன் கோயில், மீன்பிடிக் கரை, கூரை இழந்த பழைய வீடுகள், மரமே இல்லாத வெளி என்று எல்லாம் சைக்கிளில் சுற்றி வரக்கூடிய தூரத்தில் கிடக்கின்றன. ஆனால் இடங்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனால் படம் கிடைக்காது. அந்த ஊரில் எந்த மாதம், எத்தனை மணி, எந்தக் கரை என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரே பாலத்தடியில் ஆவணியில் நின்றவருக்கும் மார்கழியில் நின்றவருக்கும் வெவ்வேறு ஊர் தெரியும். அதனால் ஒளியையும் தண்ணீரையும் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த ஆறு. மலையில் பிறந்து ஓடிவருகிற ஆறு என்று நினைத்து வராதீர்கள். வடமராட்சிக் கடல்நீரேரி தென்கிழக்கிலிருந்து நீண்டு வந்து வடக்கே கடலோடு சேர்கிற வாய்தான் தொண்டைமானாறு. முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான், கரணவாய், வெள்ளப்பரவைப் பக்கத்து உப்பை மரக்கலத்தில் ஏற்றுவதற்காக இந்த வாயை வெட்டி ஆழமாக்கினான் என்பது ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. கலிங்கப் போரை வென்ற அதே தொண்டைமான்தான். கதை எப்படியோ, உப்பு இன்றைக்கும் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. கோடையில் நீரேரி வற்றும்போது ஓரமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும்.

ஆற்று வாயில் இருக்கிற தடுப்பணையும் உப்போடு சம்பந்தப்பட்டதுதான். கடல் நீர் உள்ளே ஏறாமல் மறித்து, மழை நீரைத் தேக்கி, நீரேரியை மெல்ல மெல்ல நன்னீராக்க வேண்டும் என்பது பழைய கனவு. பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தில் தொண்டைமானாற்றுத் தடுப்பணையும் அரியாலைப் பக்கத்துத் தடுப்பணையும் முக்கியமான இரண்டு கதவுகள். படம் எடுக்கிறவருக்கு இது ஏன் தெரிய வேண்டும் என்றால், இந்த வான்கதவுகள் மூடியிருக்கும்போது உள்பக்கம் தண்ணீர் அசையாமல் நிற்கும், வானம் அப்படியே அதில் விழும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் நீரேரி நிரம்பிக் கதவுகளைத் திறந்துவிட்டால் அதே இடத்தில் மண்ணிற வெள்ளம் கடலை நோக்கிப் பாயும். இரண்டுக்கும் எடுக்கும் முறை வேறு. அசையாத தண்ணீருக்கு விடியக் காற்று எழும்புவதற்கு முன்னால் போக வேண்டும். பாய்கிற தண்ணீருக்கு ட்ரைபொட்டும் ஒளியைக் குறைக்கும் ஒரு பில்டரும் வேண்டும். கால் செக்கனிலிருந்து ஒரு செக்கன் வரைக்கும் போதும், அதற்கு மேல் விட்டால் வெள்ளத்தின் வேகம் போய் வெறும் பஞ்சாகிவிடும்.

நீங்கள் வருகிற தை மாதம் நல்ல மாதம். மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், தண்ணீர் இன்னும் இருக்கும், வயலும் வெளியும் பச்சையாக இருக்கும், வலசை வந்த பறவைகளும் போயிருக்காது.

இப்போது சூரியன். வடகரை கிழக்கு மேற்காக ஓடுகிறது, கடல் வடக்கே. இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல், "கடலில் சூரியன் இறங்குவதை எடுக்கலாம்" என்று தை மாதத்தில் கடற்கரையில் போய் நின்று ஏமாறுகிறவர்கள் நிறைய. மார்ச் பிற்பகுதியிலிருந்து செப்டெம்பர் பிற்பகுதி வரைக்கும்தான் சூரியன் நேர்கிழக்குக்கும் நேர்மேற்குக்கும் வடக்கே ஒதுங்கி உதித்து மறையும். அந்த மாதங்களில் உதயமும் மறைவும் இரண்டும் கடல் பக்கம். ஆனி மாதத்தில் மிக நன்றாகத் தெரியும். மார்கழி, தையில் அது தெற்கே ஒதுங்கிவிடும். அப்போது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீரேரியைப் பார்த்து நிற்க வேண்டும். நீரேரி தென்கிழக்காக நீண்டு கிடப்பதால், தையில் சூரியன் ஏறக்குறைய அதன் திசையிலேயே உதிக்கும். பாலத்தடியிலோ மேற்குக் கரையிலோ நின்றால் தண்ணீருக்கு மேலாக எழுகிற சூரியனைத் தடையில்லாமல் எடுக்கலாம். பின்னேரம் கரையை மாற்றுங்கள். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் ஆறு முழுக்கச் செம்மஞ்சளாக இருக்கும், எதிர்க்கரைப் பனைகள் கறுப்பாக வரிசை கட்டி நிற்கும்.

தை நடுப்பகுதியில் உதயம் காலை 6.30 அளவில், மறைவு மாலை 6.10 அளவில். வெளிநாட்டில் படம் எடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இங்கே அந்தி நீளாது. சூரியன் மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்துக்குள் இருட்டிவிடும். அதனால் விடிய 5.50க்கே கரையில் நிற்க வேண்டும், எங்கே நிற்பது என்பதை முதல்நாள் பின்னேரமே பார்த்து வைத்துவிட வேண்டும்.

சந்திரன் விஷயத்தில் தை மாதம் வேறு மாதிரி. குளிர்காலத்துப் பூரணைச் சந்திரன் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக வடக்கே ஒதுங்கி உதிக்கும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் தொண்டைமானாற்றுக் கடற்கரையில் நின்றால் சந்திரன் வடகிழக்கே கடலுக்கு மேலாக எழும்பும். சூரியனை நீரேரியில் வழியனுப்பிவிட்டுத் திரும்பினால் மற்றப் பக்கம் சந்திரன். பூரணைக்கு முதல்நாள் இன்னும் நல்லது, வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே சந்திரன் மேலே வந்திருக்கும், கடலும் படகுகளும் படத்தில் விழும். உங்கள் பயணத் திகதிகளை இதற்கேற்ப ஒன்றிரண்டு நாள் தள்ள முடிந்தால் தள்ளுங்கள்.

ஆற்றங்கரையில் மனிதர்களும் வேண்டும் அல்லவா? விடியலில் வீச்சு வலையோடு ஆழமில்லாத தண்ணீரில் இறங்குகிறவர்களைப் பார்க்கலாம். வலை கையை விட்டுப் போய் வட்டமாக விரிகிற அந்த நொடியை எல்லோரும் விரும்புவார்கள். அதற்கு 1/1000 செக்கனுக்குக் குறையாத வேகம் வையுங்கள், வானத்துக்கு வெளிச்சத்தை அளந்து ஆளைக் கறுத்த நிழலுருவாக விடுங்கள். போனில் எடுக்கிறவர்கள் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிவிட்டால் போதும். ஆனால் முதலில் பேசுங்கள். "அண்ணை, ஒரு படம் எடுக்கலாமோ?" என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதம்தான். அவருக்கு அது வருமானம், நீங்கள் நடந்து போய்த் தண்ணீரைக் கலக்கினால் மீன் போய்விடும். வலையைத் திரும்ப எறியச் சொல்லிக் கேட்பதை நான் விரும்புவதில்லை. கொஞ்சம் பொறுத்தால் அவரே எறிவார். கண்டல் மரங்கள் நிற்கிற ஓரங்களில் சேறு ஆழமாக இருக்கும், செருப்போடு இறங்க வேண்டாம்.

சரி, கோயில். செல்வச்சந்நிதி முருகன் கோயில் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அன்னதானக் கந்தன் என்றும் சின்னக் கதிர்காமம் என்றும் சொல்வார்கள். கருவறையில் வேல்தான். இந்தக் கோயில் வழிபாட்டைத் தொடங்கிய மருதர் கதிர்காமரின் வழிவந்த பூசகர்களாகிய கப்பூகர்கள் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு மௌனமாகப் பூசை செய்கிறார்கள். ஆகமக் கோயில்களின் மந்திர ஒலிக்குப் பழகியவர்களுக்கு அந்த அமைதி உடனே மனதில் பதியும். கதிர்காமத்துக்குக் கரையோரமாக நடந்து போகிற நீண்ட பாதயாத்திரையும் வருடந்தோறும் இங்கிருந்துதான் புறப்படுகிறது.

உள்ளே கமராவை எடுக்காதீர்கள். பூசையை எடுக்கத்தான் வேண்டும் என்று யாரிடமும் மன்றாட வேண்டாம், அது நாங்கள் கும்பிடுகிற இடம். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். படத்துக்கான உயிர் வெளியிலே இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் வீதி நிறையச் சனம். கற்பூரம், தேங்காய், பூக்கடைகள், நேர்த்திக்கு மொட்டையடித்த குழந்தைகள், ஆற்றில் முழுகி ஈரத்தோடு வருகிறவர்கள். கோயிலுக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய தூரத்தை ஒரு காலை முழுக்க எடுக்கலாம். அகன்ற லென்ஸைவிட 35, 50 மில்லிமீற்றர் லென்ஸ் இங்கே பொருத்தம், கிட்டப் போய் முகம் பார்த்துப் பேசி எடுக்கிற தூரம் அது.

மடங்களில் அன்னதானம் நடக்கும். பெரிய கிடாரங்கள், எழும்புகிற ஆவி, கூரை ஓட்டை வழியாக விழுகிற வெளிச்சக் கீற்று எல்லாம் கமராவை இழுக்கும். சமைக்கிறவர்களைக் கேட்டு எடுங்கள். சாப்பிடுகிறவர்களின் முகத்தை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே நேர்த்திக்காகச் சாப்பிடுகிறவரும் இருப்பார், வேறு வழியில்லாமல் வந்து சாப்பிடுகிறவரும் இருப்பார். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவதுதான் அந்தப் பந்தியின் பெருமை. அதில் ஒருவரைப் பிரித்தெடுத்து இணையத்தில் போடுவது நியாயமில்லை. கைகளை எடுங்கள், இலையை எடுங்கள், பரிமாறுகிறவரை எடுங்கள். கமராவைப் பையில் வைத்துவிட்டு நீங்களும் ஒரு இலையில் இருந்து சாப்பிடுங்கள்.

பெருந்திருவிழா ஆவணியில், பூரணையை ஒட்டித் தேரும் தீர்த்தமும். காவடிகள், வாகனங்களில் தொங்கி வருகிற தூக்குக் காவடிகள், கற்பூரச் சட்டி ஏந்துகிற பெண்கள் என்று அந்த நாட்களைப் பார்க்க வேண்டும் என்றால் இன்னொரு முறை ஆவணியில் வாருங்கள். அதற்கும் ஒரு ஒளிக் கணக்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சூரியன் நேரே உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும். அந்த இரண்டாவது தடவை ஏறக்குறைய இந்தத் திருவிழாக் காலத்தில் வந்துவிடும். நண்பகலில் நிழல் காலடிக்குள் போய்விடும், கண்குழி எல்லாம் கறுத்துவிடும். காலை எட்டரை மணிக்கு முன்னாலும் பின்னேரம் நாலு மணிக்குப் பின்னாலும் முகங்களை எடுங்கள். நடுவில் பந்தல் நிழலுக்குள் இருக்கிறவர்களை எடுக்கலாம், வெளியே வெண்மணலில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் அவர்கள் முகத்தில் மெதுவாக விழும்.

ஆற்று வாயிலிருந்து மேற்கே வளலாய், பலாலிப் பக்கம் போகிற கரையோரம் வேறு விதமானது. நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்த நிலம், போருக்குப் பிறகு பகுதி பகுதியாக விடப்பட்டது. கூரை போய், சுவருக்குள் ஆல், அரசு வளர்ந்த வீடுகளை இன்னமும் காணலாம். தூண் வைத்த விறாந்தை, நாற்சார் முற்றத்தின் அடையாளம், பாதி நிற்கிற கிணற்றுக் கட்டு. படம் எடுக்கிறவர்களுக்கு இப்படியான வீடுகளில் ஒரு மோகம் இருக்கிறது, எனக்கும் விளங்கும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். சிலர் பக்கத்தில் தற்காலிகக் கொட்டிலில் இருந்துகொண்டு அந்தச் சுவரை மறுபடி எழுப்பக் காசு சேர்த்துக்கொண்டிருப்பார்கள். படலை இருந்தால் வெளியே நின்று கூப்பிடுங்கள், அயலில் ஆள் இருந்தால் கேளுங்கள். அந்த முற்றத்தில் யாரையாவது நிறுத்தி உடுப்பு விளம்பரம் போல எடுப்பதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். எச்சரிக்கைப் பலகை இருக்கிற காணிக்குள் எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்காதீர்கள், ஆள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகவும் வேண்டாம்.

இராணுவ, கடற்படை முகாம்களை, காவலரணை, வேலியை எடுக்காதீர்கள். கடற்கரையை எடுக்கும்போது ஓரத்தில் ஒரு காவலரண் விழுந்தால்கூடச் சிக்கல் வரலாம், படத்தை அழிக்கச் சொன்னால் வாக்குவாதப்படாமல் அழித்துவிடுங்கள். ட்ரோன் கொண்டுவர நினைத்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். பலாலி விமான நிலையம் கிட்ட இருக்கிறது, 2019இலிருந்து அது சர்வதேச விமான நிலையம். அனுமதி கையில் இல்லாவிட்டால் ட்ரோனை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், இந்த ஊருக்கு அது கட்டாயமில்லை.

இரண்டாம் நாள் காலையை வல்லை வெளிக்கு ஒதுக்குங்கள். வலிகாமத்தையும் வடமராட்சியையும் பிரிக்கிற இந்த வெளியை பருத்தித்துறை வீதி குறுக்கறுத்துப் போகிறது, நீரேரிக்கு மேலால் பாலம். மரமும் வீடும் இல்லாத இப்படியொரு திறந்த வெளி குடாநாட்டில் அபூர்வம். தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றுக் காலத்தில் சைக்கிள்காரர் இறங்கி உருட்டிக்கொண்டு போகிற அளவுக்குக் காற்று அடிக்கும். தையில் காற்று அவ்வளவு இல்லை, ஆழமில்லாத தண்ணீர் பரந்து நிற்கும். கொக்கு, நாரை, கூழைக்கடா, உள்ளான் வகைகள் என்று பறவைகள் இரை தேடும். பூநாரைக் கூட்டம் இறங்குகிற வருடமும் உண்டு, இறங்காத வருடமும் உண்டு, அதை நம்பி வர வேண்டாம். 300 மில்லிமீற்றருக்குக் குறைந்த லென்ஸ் என்றால் பறவையைப் பெரிதாக எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, வெளியின் விரிவுக்குள் அதைச் சின்னப் புள்ளியாக விடுங்கள். என் கண்ணுக்கு அந்தப் படம்தான் வல்லை. கிட்டப் போய்க் கலைத்து எழுப்பிப் பறக்கும் படம் எடுப்பது வேண்டாம். எத்தனையோ ஆயிரம் மைல் பறந்து வந்த பறவை அது, இரை எடுக்கிற நேரம் அதற்குத் தேவை.

கோடையில் வருகிறவர்களுக்கு வல்லையில் உப்புப் பூத்த, வெடித்த தரை கிடைக்கும். வெண்மையைக் கண்டதும் கமரா தானாகவே படத்தை இருட்டாக்கும், வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி வையுங்கள்.

கமராவுக்கு இரண்டு வார்த்தை. கடல் காற்றில் உப்பு வரும், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் லென்ஸின் கண்ணாடியைப் பாருங்கள். முதலில் ஊதி மணலைப் போக்கிவிட்டுத்தான் துடைக்க வேண்டும், இல்லையென்றால் கீறல் விழும். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். இரவில் ஈரத் துணியால் கமரா உடலையும் ட்ரைபொட் கால்களையும் துடைத்துவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால் கிழக்கே இன்னும் இரண்டு இடம். பருத்தித்துறை தும்பளை வீதியில் தெருமூடி மடம், வீதிக்கு மேலாகவே கூரை போட்ட பழைய வழிப்போக்கர் மடம். கல்தூண்களுக்கு நடுவால் மோட்டார் சைக்கிளும் பள்ளிப் பிள்ளைகளும் போய் வருவதை நிழலுக்குள் நின்று எடுக்கலாம். அதைத் தாண்டித் தெற்கே மணல்காடு: மணல் மேடுகள், சவுக்கங்காடு, மணலில் புதைந்த பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்கள். பக்கத்தில் 2004 சுனாமியில் இறந்தவர்களின் சேமக்காலை இருக்கிறது, அங்கே கமரா வேண்டாம்.

தைப்பொங்கல் நாளில் நீங்கள் இங்கே நின்றால் மற்றத் திட்டம் எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டுப் பின்னேரம் வல்வெட்டித்துறைக்குப் போங்கள், கிழக்கே ஒரு சில கிலோமீற்றர்தான். அன்றைக்கு உதயசூரியன் கடற்கரையில் பட்டப் போட்டி. 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் பாய் விரித்துப் போன 'அன்னபூரணி' இந்தக் கரையில் கட்டப்பட்ட கப்பல். காற்றையும் கயிற்றையும் தெரிந்த அந்த ஊர்க் கைகள் பறவை, கப்பல், விமானம், பாம்பு என்று நினைக்க முடியாத உருவங்களை எல்லாம் மேலே ஏற்றும். நிற்க வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். தையில் காற்று கடலிலிருந்து தரைப்பக்கம் வரும், அதனால் பட்டங்கள் ஊர்ப்பக்கமாக எழும்பும், பின்னேரச் சூரியனும் அந்தப் பக்கம்தான். கடலை முதுகில் வைத்து மேலே பார்த்தால் வெயில் ஊடுருவிப் பட்டத்தாள் நிறம் நிறமாக ஒளிரும். பட்டக்காரர்களின் முகம் வேண்டும் என்றால் தரைப்பக்கம் போய்க் கடலைப் பார்த்து நில்லுங்கள். கயிற்றை இழுத்துப் பிடித்து அண்ணாந்து நிற்கிற முகங்களில் வெயில் நேரே விழும், பின்னால் கடல். பெரிய பட்டத்துக் கயிறு கையை வெட்டும், அதற்குக் குறுக்கே நடக்காதீர்கள். இரண்டு மணிக்கு முன்னரே போய்விடுங்கள். அதற்குப் பிறகு வீதி முழுக்கச் சனம், வாகனத்தைத் தொண்டைமானாற்றுப் பக்கமாகத் தள்ளி விட்டுவிட்டு நடந்து போவதுதான் வசதி.